பைன் மரமும் நூற்புழுவும் ஒரு கணக்காளரின் தவறும்



நான் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து அமர்ந்தால் வரிப்படிவம், ஓய்வூதியச் சேமிப்பு, வீட்டுக்கடன் வட்டி என்றுதான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்து, இங்கே ரொறன்ரோவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் வேறு எதைப் பேசுவான்? ஆனால் இன்று தயாரிப்பாளர் தந்திருக்கும் இந்த இருபது நிமிடத்தில் ஒரு புழுவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இந்தப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. நூல் போல இருக்கும். தலைமயிரைவிட மெல்லியது. வெறுங்கண்ணால் பார்த்தால் பிடிபடாது. ஆனால் அறுபது எழுபது அடி உயர்ந்து நிற்கிற ஒரு பைன் மரத்தை ஒரே கோடையில் பட்ட மரமாக்கிவிடும். தமிழில் இந்த வகைப் புழுக்களை நூற்புழு என்கிறோம். பைன் மரத்துக்குள் வாழும் இந்த நூற்புழுவுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பெயர் பேர்சஃபெலெங்கஸ் சைலோஃபைலஸ். வாயில் நுழையாத பெயர். நாம் பைன் நூற்புழு என்றே சொல்லிக்கொள்வோம்.

கணக்காளனுக்கும் புழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அதைச் சொல்ல 2007ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அப்போது ஸ்காபரோவில் பாத்திரக் கடை வைத்திருந்த எம்மவர் ஒருவருக்கு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிட மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, இரண்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் தொடங்கிய கடை அது. அந்த வருடம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கொள்கலன் நிறையச் சாமான் இறக்குவதற்கு வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்திருந்தார். கோயம்புத்தூர் மாவரைக்கும் கிரைண்டர்கள், எவர்சில்வர் அண்டாக்கள், இட்டலிச் சட்டிகள். தீபாவளிக்கு முன் வந்து சேர வேண்டும் என்பது திட்டம்.

ஏற்றுமதி செய்கிறவர்கள் அனுப்பிய விலைக்கூறலை எனக்குக் காட்டினார். அதில் கீழே ஒரு வரி. "மரப்பெட்டி, மரத்தட்டு வெப்பப் பதனிடல், முத்திரை: 340 டொலர்."

"இது என்ன தம்பி?" என்று கேட்டார்.

"தேவையில்லாத செலவு அண்ணை. மரப்பெட்டியை ஏன் சூடாக்க வேணும்? அவங்கள் சும்மா போட்டுப் பாக்கிறாங்கள். வெட்டிவிடுங்கோ" என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் என் பேனாவால் அந்த வரியின் மேல் ஒரு கோடும் போட்டேன்.

நேயர்களே, என் முப்பது வருடத் தொழிலில் நான் போட்ட மிகவும் விலை கூடிய கோடு அதுதான்.

கொள்கலன் வந்தது. துறைமுகத்தில் சோதித்தார்கள். சுங்க முகவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார், கிரைண்டர்கள் அடைத்திருந்த மரப்பெட்டிகளிலும் அடியில் வைத்திருந்த மரத்தட்டுகளிலும் முத்திரை இல்லை, கொள்கலனைத் திருப்பி அனுப்பும்படி கட்டளை வந்திருக்கிறது என்று. இங்கேயே சூடாக்கித் தருகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். அதற்கு இடமில்லை என்றார்கள். அண்ணை இன்னொரு நியாயமும் சொன்னார். "உது பைன் மரமே இல்லை, மாமரப் பலகை." அதற்கும் இடமில்லை. பலகையாக அறுத்த பிறகு எது எந்த மரம் என்று துறைமுகத்தில் நின்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே பச்சை மரப்பலகை எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்.

திரும்பிப் போகிற கப்பற்கூலி, துறைமுகத்தில் வைத்திருந்த கூலி, தாமதக் கட்டணம், முகவர் கட்டணம், பின்னர் வேறு பெட்டியில் அடைத்து மறுபடி அனுப்பிய கூலி என்று எல்லாம் சேர்ந்து 17,000 டொலருக்கு மேல் போனது. தீபாவளி வியாபாரமும் போனது, தைப்பொங்கல் வியாபாரமும் போனது. 340 டொலரை மிச்சம் பிடித்ததற்குக் கிடைத்த பலன் இது.

அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த நாள் கடைக்குப் போய், "அண்ணை, பிழை என்னுடையது" என்றேன். அவர் கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ என்ன, வேணுமெண்டே செய்தனி? விடு தம்பி. உதை எந்தக் கணக்கிலை எழுதுறது எண்டு மட்டும் சொல்லு" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றுதான் எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. மரத்தை ஏன் சூடாக்க வேண்டும்? சட்டத்தில் 56 பாகை செல்சியஸ், 30 நிமிடம் என்று எழுதியிருக்கிறதே, ஏன் 56? ஏன் 30? ஒரு இலக்கம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதானே எங்கள் தொழில். பொது நூலகத்துக்குப் போனேன். தேடத் தேட அந்த இலக்கத்தின் அடியில் இந்தப் புழு சுருண்டு கிடந்தது.

கதை யப்பானில் தொடங்குகிறது. 1905ஆம் ஆண்டளவில் நாகசாகிப் பகுதியில் பைன் மரங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. கோடையில் பச்சையாக நிற்கிற மரம், இலையுதிர்காலம் வரும்போது உச்சி முதல் அடி வரை செம்பழுப்பாக நிற்கும். ஊசியிலைகள் உதிராமல் அப்படியே தொங்கும். யப்பானியருக்குப் பைன் மரம் சாதாரண மரம் அல்ல. புத்தாண்டுக்கு வாசலில் பைன் கிளை வைப்பார்கள். கோயில், தோட்டம், ஓவியம் எல்லாவற்றிலும் அது இருக்கும். கடற்கரையோரமாக வரிசையாக நட்டு, மணலையும் உப்புக்காற்றையும் மறித்து ஊரையும் வயலையும் காத்தார்கள். எங்களுக்குப் பனை எப்படியோ அப்படி. காப்பரணுக்கென்று எங்கள் பனைகள் தறிக்கப்பட்டபோது ஊர் எப்படி வெறிச்சோடிப் போனது என்று பார்த்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

மரங்கள் சாவதற்குப் பட்டையைத் துளைக்கும் வண்டுகள்தான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1960களின் கடைசியில்தான் கியோஹாரா, தொகுஷிகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் செத்த பைன் கட்டைகளுக்குள் கணக்கில்லாத நூற்புழுக்கள் நெளிவதைக் கண்டார்கள். அவற்றைப் பூஞ்சணத்தில் வளர்த்து, நல்ல சுகமாக நின்ற மரங்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மரங்கள் செத்தன. 1971இல் அதை வெளியிட்டார்கள். நாகசாகியில் முதல் மரம் பட்டதற்கும் இதற்கும் இடையில் 66 வருடங்கள். என் தொழிற்பாஷையில் சொன்னால், 66 வருடமாக நட்டத்தை வேறொருவர் கணக்கில் பற்று எழுதி வந்திருக்கிறார்கள்.

வண்டு முழுக் குற்றவாளி அல்ல என்றாலும் அதற்கும் பங்கு உண்டு. நீண்ட மீசையுடைய ஒரு வகை வண்டுதான் இந்தப் புழுவின் வாகனம். இரண்டும் நடத்துகிற கூட்டு வியாபாரத்தைக் கேளுங்கள்.

கோடையின் தொடக்கத்தில் பட்ட மரத்திலிருந்து வெளியே வரும் இளம் வண்டு, பசிக்காக நல்ல பைன் மரங்களுக்குப் பறந்து போய் இளங்கொப்புகளின் பட்டையைக் கடித்துத் தின்னும். அதன் மூச்சுக்குழாய்களுக்குள் ஆயிரக்கணக்கில் நூற்புழுக்கள் ஒளிந்திருக்கும். ஒரே வண்டுக்குள் ஒரு இலட்சத்துக்கு மேல் எண்ணியவர்களும் உண்டு. வண்டு கடித்த காயத்தின் வழியே புழுக்கள் இறங்கி மரத்துக்குள் போகும். பைன் மரத்தின் பாதுகாப்பே அதன் பிசின்தான். காயம் பட்டால் பிசின் சுரந்து எதிரியை அமுக்கிவிடும். இந்தப் புழுவோ நேராகப் பிசின் ஓடுகிற குழாய்களுக்குள் போய், பிசினைச் சுரக்கிற கலங்களையே தின்கிறது. சில நாட்களில் பிசின் நின்றுவிடும். பிறகு தண்ணீர் ஏறுகிற வழியில் காற்றுக் குமிழிகள் அடைத்து, தண்ணீர் மேலே போகாது. வேர் நனைந்திருக்கும்போதே மரம் தாகத்தில் சாகும். 25 பாகை வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த புழுவாவதற்கு நான்கைந்து நாட்கள் போதும். ஆகவே சில கிழமைகளில் மரம் முழுவதும் இலட்சக்கணக்கில் பெருகிவிடும்.

மரம் சாகிற நேரத்தில் பெண் வண்டுகள் அங்கே வந்து முட்டையிடும். ஏனென்றால் நல்ல மரத்தில் முட்டையிட்டால் பிசின் கொன்றுவிடும், பிசின் நின்ற மரம்தான் அதற்குப் பாதுகாப்பு. குடம்பிகள் கட்டையைத் துளைத்து வளரும். புழுக்கள் செத்த கட்டையில் வளரும் பூஞ்சணத்தைத் தின்று காலம் கழிக்கும். அடுத்த வசந்தத்தில் வண்டு கூட்டுப்புழுவாகிற அறையைச் சுற்றிப் புழுக்கள் வந்து காத்திருக்கும். வண்டு முழு உருவம் பெற்றதும் அதன் மூச்சுத் துளைகளுக்குள் ஏறிவிடும். வண்டுக்குப் புழு வீடு தயார் செய்து கொடுக்கிறது. புழுவுக்கு வண்டு வாகனம் கொடுக்கிறது. நட்டம் முழுவதும் மரத்துக்கு.

யப்பானில் இந்த நட்டம் 1979இல் உச்சத்தை எட்டியது. அந்த ஒரு ஆண்டில் மட்டும் சுமார் 24 இலட்சம் கனமீற்றர் பைன் மரம் பட்டுப்போனது. ஒரு காலத்தில் பட்ட மரத்தைக் கிராமத்துச் சனம் விறகுக்கு வெட்டிக்கொண்டு போய்விடும். உள்ளிருக்கும் வண்டும் புழுவும் அடுப்பில் எரிந்துவிடும். எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வந்தபின் பட்ட மரம் காட்டிலேயே நின்றது, நோயும் பரவியது. வாழ்க்கை வசதி கூடினதே நோய்க்கு வழி விட்டது. செம்பைன் காடுகள் அழிய, அவற்றின் வேரோடு சேர்ந்து முளைக்கும் மட்சுதாகே என்ற விலைமதிப்பான காளானும் அருகிப் போனது.

இனி, இந்தப் புழு யப்பானுக்கு எங்கிருந்து வந்தது? இதைப் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யப்பானியர் இதைப் புதிய இனம் என்று நினைத்து 1972இல் ஒரு பெயர் வைத்தார்கள். ஆனால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பைன் மரத்தில் கண்ட இதே புழுவுக்கு 1934இலேயே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 1981இல் உறுதியானது. அதாவது, இந்தப் புழுவின் பிறந்தகம் நாம் இப்போது வாழ்கிற இந்த வட அமெரிக்காக் கண்டம்! கனடாக் காடுகளிலும் இது இருக்கிறது. இருந்தும் நம் ஒன்ராறியோவின் மாகாண மரமான வெள்ளைப் பைன் இதனால் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. கோடைக்கு மஸ்கோகா, அல்கொன்குவின் பக்கம் போகிறீர்களே, அங்கே நிற்கிற பைன்களெல்லாம் இந்தப் புழுவோடு ஆயிரமாயிரம் வருடம் பழகியவை. புழு பெரும்பாலும் செத்த கட்டையிலும் சாகப்போகிற மரத்திலும் பூஞ்சணத்தைத் தின்று தன்பாட்டில் வாழ்கிறது. குளிர் நாடாக இருப்பதும் ஒரு காரணம். கோடையின் சராசரி வெப்பம் 20 பாகைக்கு மேல் போகிற இடங்களில்தான் நோய் கடுமையாகும்.

யப்பானின் மரங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. மரவியாபாரத்தில் கப்பலேறிப் போன புழுவுக்கு அங்கே தோதான வண்டும் கிடைத்தது, தோதான வெயிலும் கிடைத்தது, எதிர்க்கத் தெரியாத மரமும் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். சீனாவில் 1982இல் நான்ஜிங் நகரத்தில், சன் யாட்-சென் நினைவிடம் இருக்கும் மலையில் கண்டார்கள். தாய்வானில் 1985இல். தென்கொரியாவில் 1988இல் பூசான் நகரத்தில். ஐரோப்பாவில் முதன்முதலாக 1999இல் போர்த்துக்கல்லின் செத்துபல் பகுதியில். அங்கே நோய் கண்ட இடத்தைச் சுற்றி சுமார் 3 கிலோமீற்றர் அகலத்துக்குப் பைன் மரங்களையெல்லாம் வெட்டி வெற்றுநிலம் ஆக்கினார்கள், வேலி போட்டதுபோல. பின்னர், 2008இல், வேலிக்கு வெகுதூரத்துக்கு அப்பால் நாட்டின் நடுப்பகுதியில் நோய் வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஸ்பெயினுக்குள்ளும் கண்டார்கள். 2025இல் பிரான்சின் தென்மேற்கே, மிகப் பெரிய பைன் காடு இருக்கும் லாந்த் பகுதியிலும் கண்டிருக்கிறார்கள். எங்கள் உறவினர் பலர் வாழ்கிற நாடு அது.

வண்டு தானாகப் பறந்தால் சில கிலோமீற்றர்தான் போகும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வேலியைக் கடக்கிறது என்றால் அது லொறியில்தான் போகிறது. மரக்குற்றியாக, விறகாக, மரத்தட்டாக, கிரைண்டர் அடைத்த பெட்டியாக.

இப்போது 56 பாகைக்கு வருவோம். 1984இல் பின்லாந்து நாட்டில், வட அமெரிக்காவிலிருந்து வந்த மரச்சீவல்களில் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பா விழித்துக்கொண்டது. கனடாவின் பச்சைப் பலகைக்குக் கதவு அடைபடத் தொடங்கியது. இந்த நாட்டுக்கு மர ஏற்றுமதி எவ்வளவு பெரிய வருமானம் என்று உங்களுக்குத் தெரியும். எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் வைத்தால் பலகைக்குள் இருக்கும் புழு சாகும் என்று ஆய்வுகூடங்களில் சோதித்தார்கள். பலகையின் நடுப்பகுதி, மேற்பரப்பு அல்ல, நடுப்பகுதி 56 பாகையை அடைந்து, தொடர்ந்து 30 நிமிடம் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்ற விடை கிடைத்தது. 2002இல் உலக நாடுகள் சேர்ந்து மரப்பொதிகளுக்கென ஒரு பொது விதி செய்தபோது இந்த அளவையே எடுத்துக்கொண்டார்கள். ஐ.எஸ்.பி.எம். 15 என்பது அந்த விதியின் பெயர். வட அமெரிக்காவில் அது 2006இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நான் கோடு போட்டது 2007இல். ஒரு வருடம் பிந்தி விழித்த கணக்காளன் நான்.

விதியைப் படித்த பிறகு எனக்கு அதன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அண்ணையின் கொள்கலனில் பைன் நூற்புழு இருந்திருக்குமா? அநேகமாக இல்லை. ஆனால் இந்த விதி ஒரு புழுவுக்கு மட்டும் அல்ல. 2003இல் ரொறன்ரோவும் வோனும் சந்திக்கிற எல்லையில் ஆசிய நீள்மீசை வண்டைக் கண்டார்கள். அது உலகமெங்கும் மரப்பொதிகளில் பயணம் செய்கிற வண்டு. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி, பின் மிசிசாகாவிலும் கண்டு வெட்டி, 2020இல்தான் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மரகதச் சாம்பல்மர வண்டு 2007இல் ரொறன்ரோவுக்குள் வந்தது. நகரத்தில் சுமார் 8 இலட்சத்து 60 ஆயிரம் சாம்பல் மரங்கள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. உங்கள் தெருவிலேயே வெட்டியிருப்பார்கள். அந்த மரங்களின் விலையை எந்தப் பேரேட்டில் எழுதுவது? அண்ணையின் 17,000 டொலருக்குக் கணக்கு இருந்தது. இதற்கு இல்லை. முன்பு நான் செலவு என்றால் கட்டணச் சீட்டில் இருப்பது மட்டும்தான் என்று நினைத்தவன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்கிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் அந்நிய உயிரினங்கள் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்து பெருகி உள்ளூர் உயிர்களை அழிப்பவை என்று பாடத்தில் இருந்தது. அவள் சமையலறையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்: "அப்பா, நாங்களும் வெளியிலை இருந்துதானே வந்தனாங்கள். எங்களையும் ஆரும் இப்பிடி நினைப்பினமோ?"

எனக்குக் கை ஓடவில்லை. வகுப்பில் யாராவது ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் முழுதாக நம்பவில்லை. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மாலை நேரம் வந்திருக்கும்.

நான் படித்த புழுக்கதையைத்தான் அவளுக்குச் சொன்னேன். "பிள்ளை, யப்பானிலை வெளியிலை இருந்து வந்த புழு, உள்ளூர் மரத்தைக் கொண்டது. ஆனா அமெரிக்காவிலை பார். 1979இலை மிசூரி மாநிலத்திலை முதன்முதல் பைன் மரங்கள் இந்த நோயாலை பட்டது. அங்கை இப்ப கூடுதலாச் சாகிறது ஸ்கொட்ஸ் பைன். அது ஐரோப்பாவிலை இருந்து கொண்டுவந்து நட்ட மரம். புழு உள்ளூர்ப் புழு. அங்கை வெளியிலை இருந்து வந்தது மரம், செத்ததும் மரம். அப்ப வந்தது கெட்டது, இருந்தது நல்லது எண்டு எப்பிடிச் சொல்லலாம்?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆரிலை பிழை?" என்று கேட்டாள். "கப்பலிலை ஏத்தினவையிலை. சூடாக்குற காசை மிச்சம் பிடிச்சவையிலை. அதிலை உன்ரை அப்பாவும் ஒராள்" என்றேன். அன்றுதான் அவளுக்கு அந்த 340 டொலர் கதையைச் சொன்னேன்.

நேயர்களே, மனிதரைப் புழுவோடு ஒப்பிடுகிற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதை நாம் ஏற்கத் தேவையில்லை. புழுவுக்கு ஒரு மரத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. மனிதர் வந்த இடத்தின் பாஷையைப் படிப்பார்கள், விதியைப் படிப்பார்கள், மரத்தையும் படிப்பார்கள். நாம் படிக்கத் தவறினால் அது நம் பிழை. எனக்கு நடந்தது அதுதான். விதி ஒன்று இருந்தால் அதன் பின்னால் யாருடைய நட்டமோ இருக்கிறது என்று யோசியாமல் கோடு போட்டேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ சாமான் இறக்குகிற கடைக்காரர்கள், கோயிலுக்குத் தேர், வாகனம், சிலை இறக்குகிற நிர்வாகத்தினர், மரப்பெட்டியிலும் மரத்தட்டிலும் முத்திரை இருக்கிறதா என்று அனுப்புமுன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முத்திரையில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு அடையாளம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பதனிட்டவரின் இலக்கம், எப்படிப் பதனிட்டார்கள் என்ற குறி இருக்கும். வெப்பத்தால் பதனிட்டால் எச்.ரி. என்ற எழுத்துகள். ஒட்டுப்பலகையில் செய்த பெட்டிக்கு இது தேவையில்லை, ஏனென்றால் அதைச் செய்யும்போதே சூடும் பசையும் சேர்ந்துவிடுகின்றன. பச்சைப் பலகைக்குத்தான் தேவை.

கோடையில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். போகிற இடத்தில் வாங்கி, அங்கேயே எரித்துவிட்டு வாருங்கள். ஐந்து டொலர் கூடுதலாகப் போகட்டும்.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் மண்ணோடு கறிவேப்பிலைக் கன்றும், முருங்கைத் தடியும், செவ்வரத்தைக் கொப்பும் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு வராதீர்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மண்ணுக்குள் என்ன நூற்புழு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஊரில் கத்தரி, தக்காளி, புகையிலை பிடுங்கும்போது வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்ததைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் ஒரு நூற்புழுவின் வேலைதான். திரும்பிப் போகும்போதும் அப்படித்தான். இந்தப் பைன் நூற்புழுவின் நெருங்கிய சொந்தம் ஒன்று கரீபியன் தீவுகளிலும் தென்னமெரிக்காவிலும் தென்னை மரங்களைக் கொல்கிறது. செவ்வளைய நோய் என்பார்கள். தென்னங்கூன்வண்டு ஒன்றுதான் அதைக் காவுகிறது. அந்த நோய் எங்கள் பக்கத்துத் தென்னைகளுக்கு வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

முடிக்குமுன் யப்பானுக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். பட்ட மரத்தை வெட்டி எரித்தார்கள், மருந்து தெளித்தார்கள், மரத்தின் அடியில் துளையிட்டு மருந்து ஏற்றினார்கள். எல்லாவற்றுக்கும் செலவு அதிகம், காடு முழுவதற்கும் கட்டாது. 1978இல் வேறொரு வேலை தொடங்கினார்கள். சுற்றிவர எல்லாம் பட்டுப்போன காடுகளில், தப்பி நின்ற மரங்களைத் தேடிப் போனார்கள். அவற்றில் கொப்பெடுத்து, ஒட்டுக்கட்டி, கன்றுகளுக்குள் புழுவைச் செலுத்திச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கில் தொடங்கி, கடைசியில் தேறியவை செம்பைனில் 92, கரும்பைனில் 16. அவற்றின் விதையிலிருந்து வந்த கன்றுகளை இன்று கடற்கரைகளில் மறுபடி நடுகிறார்கள். எல்லாம் பிழைக்கும் என்று இல்லை. ஆனால் முன்னைவிடக் கூடுதலாகப் பிழைக்கின்றன. வடக்கே ஹொக்கைடோத் தீவை இன்னும் காத்து வைத்திருக்கிறார்கள்.

அண்ணை அந்தக் கடனை நான்கு வருடத்தில் அடைத்தார். இப்போது ஓய்வில் இருக்கிறார். இந்த உரைக்காக அவரிடம் அனுமதி கேட்டபோது, "பேரைச் சொல்லாதை, கதையைச் சொல்லு. இன்னொருத்தனுக்கு உதவும்" என்றார். நான் கோடு போட்ட அந்த விலைக்கூறலைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டேன். "நீயே வைச்சிரு" என்றார். என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. ஒரு செலவை வெட்டச் சொல்லி யாருக்கும் ஆலோசனை சொல்லுமுன் அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்த மாதம் வழமைபோல் வரிப்படிவத்தோடு வருகிறேன். அதுவரை விடைபெற்றுக்கொள்கிறேன்.